உதரவிதானம் அசையாதபோது: வாசகர் கேள்வி – பதில்

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் முதலான மூச்சுத் தசைகளுக்குப் போகும் நரம்பு அடிபட்டவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: அப்பாவுக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகிறது. இதயம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. குனிந்து செருப்பு மாட்டினாலே இரைக்கிறது. எக்ஸ்ரேயில் இடப்பக்க உதரவிதானம் மேலே ஏறியிருக்கிறதாம். "நரம்பு தூங்குகிறது, தானாக எழுந்துகொள்ளும்" என்று அனுப்பிவிட்டார்கள். எத்தனை நாள் காத்திருப்பது, டாக்டர்?

பதில்: உங்கள் அப்பாவுக்குச் சொன்னது பெரும்பாலானோருக்குப் பொருந்தும். ஆனால் கணக்கில்லாமல் காத்திருக்கக் கூடாது.

உதரவிதானத்தை இயக்குவது ஃப்ரீனிக் நரம்பு. கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் வேர்களிலிருந்து புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, இதய உறையை ஒட்டியே கீழே போகிறது. அறுவையின்போது இதயத்தைக் குளிர்விக்கப் போடும் பனிக்கட்டிக் கூழ் இந்த நரம்பை உறையவைக்கலாம். நெஞ்செலும்புக்குப் பின்னால் ஓடும் தமனியைப் பிரித்தெடுக்கும்போது நரம்பு இழுபடலாம், அதற்கு வரும் இரத்த ஓட்டம் குறையலாம். பைபாஸுக்கு எடுப்பது பெரும்பாலும் இடப்பக்கத் தமனி என்பதால் பாதிப்பும் இடப்பக்கத்தில்தான் அதிகம்.

நரம்பின் உறை மட்டும் கெட்டிருந்தால் சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதத்துக்குள் அசைவு திரும்பிவிடும். உள்ளிழை அறுந்து வெளிக்குழாய் மட்டும் தப்பியிருந்தால், இழை அடிபட்ட இடத்திலிருந்து நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வீதம் வளர்ந்து தசையைத் தொட வேண்டும். அடிபட்ட இடத்துக்கும் உதரவிதானத்துக்கும் 20 செ.மீ. என்றால் ஏழு மாதம், அதன் பிறகு தசை பலம் பெற இன்னும் சில மாதம். நரம்பு முழுவதுமாகத் துண்டாகியிருந்தால் எவ்வளவு காத்திருந்தாலும் பயனில்லை.

அப்பாவுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டதால் முதல் வகையைத் தாண்டிவிட்டார். இப்போது செய்ய வேண்டிய சோதனைகளைச் சொல்கிறேன். மூக்கால் 'சர்'ரென்று உறிஞ்சச் சொல்லி, ஓடும் எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். நல்ல பக்கம் கீழே இறங்கும், செயலிழந்த பக்கம் மேலே ஏறும். அல்ட்ராசவுண்டில் எட்டாவது, ஒன்பதாவது விலா இடைவெளியில் கருவியை வைத்து, மூச்சை விட்ட நிலையிலும் முழுதாக இழுத்த நிலையிலும் தசையின் தடிமனை அளப்பார்கள். 2 மி.மீ. இருந்தது 3 மி.மீ. ஆனால் 50 சதவீதம் தடிக்கிறது, தசை வேலை செய்கிறது. 1.6 இருந்தது 1.7 ஆனால் 6 சதவீதம்தான். 20-க்குக் கீழே இருந்தால் செயலிழப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவது, தசையின் மின் செயல்பாட்டை ஊசி வைத்துப் பார்க்கும் ஈ.எம்.ஜி. அடிபட்ட முதல் மூன்று வாரத்துக்குள் எடுத்தால் இது ஏமாற்றும், ஏனென்றால் நரம்பிழந்த தசையின் அடையாளங்கள் அதற்குப் பிறகுதான் தெரியும். உதரவிதானத்தில் ஊசி வைப்பதற்குப் பழகிய கை வேண்டும். அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே வைப்பவரிடம் போங்கள்.

உட்கார்ந்தும் மல்லாந்தும் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியையும் கேட்டு வாங்குங்கள். சாதாரணமாகப் படுக்கும்போது ஊதும் காற்றின் அளவு 10 சதவீதத்துக்குள் குறையும். 30-ஐத் தாண்டினால் இரண்டு பக்கமும் பலவீனமாக இருக்கிறதா என்று தேட வேண்டும். அந்த நிலையில் உறிஞ்சும் எக்ஸ்ரே சோதனையை நம்ப வேண்டாம்: வயிற்றுத் தசை மூச்சை விடும்போது உதரவிதானத்தை மேலே தள்ளி, பிறகு தளரும்போது அது கீழே இறங்குவதைப் பார்த்து 'அசைகிறது' என்று எழுதிவிடுவார்கள்.

ஆறு மாதத்தில் ஈ.எம்.ஜி.யில் நரம்பு வளர்வதற்கான சுவடு தெரிந்தால் தைரியமாகக் காத்திருங்கள். ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு வரைகூட முன்னேற்றம் வரும். சுவடே இல்லையென்றால் நரம்பு அறுவை நிபுணரைப் பார்த்துவிடுங்கள். நரம்பில்லாத தசை ஒன்றரை ஆண்டைத் தாண்டினால் புது நரம்பை ஏற்கும் திறனை இழக்கத் தொடங்கும். 'இரண்டு வருடம் பார்ப்போம்' என்று விட்டு, இந்த வாய்ப்பைத் தவறவிடுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நரம்பு திரும்பாது என்று உறுதியான பிறகு, மூச்சிரைப்பு தொல்லை தந்தால் உதரவிதானத்தை மடித்துத் தைத்து இறுக்கும் அறுவை உண்டு. அது தசைக்கு உயிர் கொடுக்காது. தளர்ந்த தசை ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே உறிஞ்சப்பட்டு நல்ல பக்கத்தின் உழைப்பைத் தின்பதை நிறுத்தும், அவ்வளவுதான். பலருக்கு அதுவே போதுமான நிம்மதி.

அதுவரை தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்திப் படுக்கட்டும். வயிறு முட்டச் சாப்பிட்டால் உதரவிதானம் இன்னும் மேலே தள்ளப்படும். நெஞ்சளவு தண்ணீரில் இறங்கவே வேண்டாம். நீரின் அழுத்தம் வயிற்றை உள்ளே தள்ளும்போது சட்டென்று மூச்சு நின்றதுபோல் ஆகிவிடும்.

கேள்வி: மூன்று பந்து ஊதும் கருவியைத் தினமும் பயன்படுத்துகிறேன். மூச்சுத் தசைக்கு வலுவூட்டும் கருவி வேறு என்கிறார்கள். எது சரி? எப்படிச் செய்வது?

பதில்: முதலில், பந்துக் கருவி ஊதுவதற்கல்ல, உறிஞ்சுவதற்கு. அதன் வேலை நுரையீரலை விரிய வைப்பது. தசைக்குப் பாரம் கொடுப்பது அதன் வேலையல்ல.

வலுவூட்டும் கருவியில் ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்கும். நிர்ணயித்த அழுத்தத்தில் உறிஞ்சினால்தான் திறக்கும். துளையைச் சுருக்கிப் பாரம் கூட்டும் வகையும் விற்கிறது. மெதுவாக உறிஞ்சினால் அதில் பாரமே இருக்காது என்பதால் ஸ்பிரிங் வகையே நல்லது.

தொடங்கும் முன் அதிகபட்ச உள்ளிழுப்பு அழுத்தத்தை அளக்க வேண்டும். மூச்சை முழுதாக விட்டுவிட்டு, அடைத்த குழாயில் முழு பலத்தோடு உறிஞ்சி ஒன்றரை நொடி பிடிக்க வேண்டும். குறைந்தது மூன்று முறை செய்து, ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் வந்தால் அதில் சிறந்ததை எடுப்பார்கள். அது 50 செ.மீ. நீர் அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 சதவீதம், அதாவது 15-இல் ஸ்பிரிங்கை வையுங்கள்.

நிமிர்ந்து உட்கார்ந்து மூக்குக் கிளிப் போட்டு, உதட்டை இறுக மூடி, மூச்சை முழுதாக விட்டபின் வேகமாகவும் ஆழமாகவும் உறிஞ்சுங்கள். பிறகு அவசரப்படாமல் மெதுவாக விடுங்கள். இப்படி 30 மூச்சு, காலையும் மாலையும், வாரத்தில் ஐந்து நாளாவது. தொடர்ந்து 30 முடியாவிட்டால் பத்துப் பத்தாகப் பிரித்து, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு எடுக்கலாம். வாரம் ஒருமுறை மறுபடி அளந்து, அதற்கேற்பப் பாரத்தைக் கூட்டி, மெல்ல 50 சதவீதம் வரை கொண்டுபோகலாம். ஆறு முதல் எட்டு வாரம் தொடர்ந்தால்தான் மாற்றம் தெரியும்.

தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதல் நாள் வைத்த பாரத்திலேயே மாதக்கணக்காகச் செய்வார்கள். தசைக்கு அது பாரமாகவே தெரியாது. வேகவேகமாக மூச்சு விட்டுத் தலைசுற்றி, விரல் நுனி மரத்துப்போய், கருவியின் மேல் பழி போடுவார்கள். கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியேறியதுதான் அதற்குக் காரணம். தோளைத் தூக்கிக் கழுத்துத் தசையால் மட்டும் இழுப்பதும் உண்டு. ஒரு கையை வயிற்றில் வைத்து, அது முன்னே வருகிறதா என்று பார்த்தபடி செய்யுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நரம்பு முற்றிலும் அறுந்த தசையை எந்தப் பயிற்சியும் எழுப்பாது. பயிற்சி பலப்படுத்துவது மறுபக்க உதரவிதானத்தையும், விலாஇடைத் தசைகளையும், பாதி நரம்பு மீண்ட தசையையும்தான். அப்படி நரம்பு மீண்டுவரும் தசை சீக்கிரம் களைக்கும். மறுநாள் காலையிலும் மூச்சுக் களைப்பு தீராவிட்டால் பாரத்தைக் குறைக்க வேண்டும். அண்மையில் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்தவர்களும், செவிப்பறை கிழிந்தவர்களும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தொடவே கூடாது.

கேள்வி: தம்பிக்குக் கழுத்தில் அடிபட்டு 5-ஆம் மட்டத்துக்குக் கீழே செயல் இல்லை. வென்டிலேட்டரிலிருந்து மெல்ல எடுக்கிறார்கள். படுத்திருக்கும்போது நன்றாக மூச்சு விடுகிறான், சக்கர நாற்காலியில் உட்கார வைத்தால் திணறுகிறான். எல்லோரும் தலைகீழாகச் சொல்கிறார்களே?

பதில்: தம்பி உணர்வது சரிதான். முதல் கேள்வியில் சொன்னவருக்கு உதரவிதானம் செயலிழந்தது, அதனால் படுத்தால் கஷ்டம். உங்கள் தம்பிக்கு உதரவிதானம் வேலை செய்கிறது. செயலிழந்தவை வயிற்றுத் தசையும் விலாஇடைத் தசையும். உட்கார்ந்தால் தளர்ந்த வயிறு முன்னே சரிகிறது, உதரவிதானம் கீழிறங்கித் தட்டையாகிறது. தட்டையான தசைக்கு இழுக்க இடமில்லை. படுத்தால் வயிறு அதை மேலே தள்ளிக் குவியச் செய்கிறது, இழுப்பு நன்றாகக் கிடைக்கிறது.

ஆகவே உட்கார வைக்கும்போது வயிற்றுப் பட்டை கட்டுங்கள். படுத்திருக்கும்போதே கட்டிவிட்டுத்தான் எழுப்ப வேண்டும். கீழ் விளிம்பு இடுப்பெலும்பைப் பிடித்திருக்கட்டும், மேல் விளிம்பு கடைசி விலாவுக்குக் கீழேயே நிற்கட்டும். விலா மேல் ஏறினால் நெஞ்சின் விரிவைத் தடுத்து நிலைமையை மோசமாக்கும். பட்டைக்குள் இரண்டு விரல் நுழையும் அளவு போதும். அவருக்குத் தோலில் உணர்வு இல்லை என்பதால் சுருக்கம் இல்லாமல் கட்டி, கழற்றும்போதெல்லாம் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். உட்காரும்போது இரத்த அழுத்தம் விழுவதையும் இந்தப் பட்டை ஓரளவு தடுக்கும்.

வென்டிலேட்டரிலிருந்து எடுக்கும் பயிற்சியையும் படுத்த நிலையிலேயே தொடங்குவது நல்லது. ஐந்து நிமிடம், பகலில் இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் ஒரு முழு மூச்சின் அளவை அளந்து எழுத வேண்டும். பின்னது நன்றாகக் குறைந்திருந்தால் தசை களைத்துவிட்டது, நேரத்தைக் கூட்டக் கூடாது. இரவு முழுதும் வென்டிலேட்டர் ஓய்வு கொடுக்கட்டும். இரவைக் கடைசியில்தான் எடுப்பார்கள். அதற்காக, 'ஓய்வாக இருக்கட்டும்' என்று முழுவதுமாக வென்டிலேட்டரிலேயே விட்டுவிடுவதும் ஆபத்து. 18 முதல் 69 மணி நேரம் உதரவிதானம் அறவே வேலை செய்யாமல் இருந்தவர்களிடம் அதன் இழைகள் பாதிக்கு மேல் மெலிந்திருந்ததை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவர்களுக்குப் பெரும்பாலும் எமனாக வருவது சளி. வயிற்றுத் தசை இல்லாமல் இருமல் கிடையாது. சாதாரண பீக் ஃப்ளோ மீட்டரில் இருமச் சொல்லி அளக்கலாம். நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே இருந்தால் சளிப் பிடிக்கும் நாளில் ஆபத்து, 160-க்குக் கீழே என்றால் அந்த இருமல் சளியைக் கொண்டுவராது.

வீட்டில் செய்யக்கூடியது இரண்டு சேர்ந்த வேலை. முதலில் காற்றை அடுக்குவது: ஒருவழி வால்வு பொருத்திய ஆம்பு பையால் (கையால் அமுக்கிக் காற்றைக் கொடுக்கும் பை) ஒரு மூச்சு கொடுத்து, விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அதன் மேல் இன்னொன்று, இன்னொன்று என மூன்று முதல் ஐந்து வரை நிரப்புங்கள். நெஞ்சு நன்கு விரிந்ததும் அவர் இருமும் அதே நொடியில், தொப்புளுக்கும் நெஞ்செலும்பின் நுனிக்கும் நடுவே உள்ளங்கையை வைத்து உள்ளேயும் மேலேயுமாகத் தள்ளுங்கள். நொடி தவறினால் பயன் இல்லை, ஆகவே "ஒன்று, இரண்டு, இருமு" என்று எண்ணிச் செய்வது உதவும். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நெஞ்செலும்பின் நுனியை அழுத்தவே கூடாது. விலா முறிந்திருந்தால், வயிற்றில் அண்மையில் அறுவை நடந்திருந்தால், இரத்தக்கட்டியைத் தடுக்க வயிற்றுப் பெருஞ்சிரையில் வடிகட்டி வைத்திருந்தால் இதைச் செய்ய வேண்டாம். காற்றை ஊதி நிரப்பி உடனே உறிஞ்சும் இருமல் உதவிக் கருவி கிடைத்தால் மிக நல்லது. பொதுவாகப் பெரியவர்களுக்குக் கூட்டல் 40, கழித்தல் 40 செ.மீ. நீர் அழுத்தம் வரை மெல்லக் கொண்டுபோவார்கள்.

சளி உறிஞ்சும் குழாய் பெரும்பாலும் வலது மூச்சுக்கிளைக்குள்தான் போகும், ஏனென்றால் இடதுகிளை சாய்ந்து பிரிகிறது. அதனால்தான் இடது கீழ்ப்பகுதி நுரையீரல் மீண்டும் மீண்டும் சுருங்கிப்போகிறது. ஆக்சிஜன் அளவு 95-க்குக் கீழே இறங்கினால் உடனே ஆக்சிஜனைக் கூட்டுவதில் நின்றுவிடாமல், 'சளி அடைத்திருக்கிறதா' என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தோள் அறுவைக்குக் கழுத்தில் மரப்பு ஊசி போட்டார்கள். அன்று முழுக்க ஒரு பக்க மூச்சே இல்லாததுபோல் இருந்தது. நரம்பு போய்விட்டதா?

பதில்: அந்த ஊசி போடும் இடத்துக்கு மிக அருகில்தான் ஃப்ரீனிக் நரம்பு போகிறது. வழக்கமான 20 மி.லி. அளவில் போட்டால் ஏறத்தாழ எல்லோருக்குமே அந்தப் பக்க உதரவிதானம் தற்காலிகமாக நின்றுவிடும். மருந்து இறங்கும்போது திரும்பிவிடும். நுரையீரல் நன்றாக உள்ளவர்கள் பலர் கவனிப்பதே இல்லை. சில நாள் கழித்தும் திணறல் நீடித்தால் அது வேறு விஷயம், அல்ட்ராசவுண்ட் எடுத்துவிடுங்கள். மறுபக்க உதரவிதானம் ஏற்கெனவே பழுதானவர் இந்த ஊசிக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு இரண்டு பக்க உதரவிதானமும் பலவீனம். பகலில் ஆக்சிஜன் 95 காட்டுகிறது. ஆனால் காலையில் தலைவலியோடு எழுகிறார், பகலெல்லாம் தூங்கி விழுகிறார். வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். தனியாக ஆக்சிஜன் மட்டும் கொடுப்பது அவருக்குக் கெடுதல் செய்யக்கூடும்.

நாம் கனவு காணும் உறக்கக் கட்டத்தில் கழுத்துத் தசையும் விலாஇடைத் தசையும் அறவே தளர்ந்துவிடும். அந்த நேரத்தில் மூச்சை நடத்துவது உதரவிதானம் மட்டும்தான். அம்மாவுக்கு அதுவும் இல்லை, அதனால் ஒவ்வொரு இரவும் கார்பன் டை ஆக்சைடு உடலில் தேங்குகிறது. காலைத் தலைவலியும் பகல் தூக்கமும் அதன் அடையாளம். ஆக்சிஜன் கொடுத்தால் விரலில் மாட்டும் கருவி அழகான எண்ணைக் காட்டும், உள்ளே தேங்குவது தெரியாமலே கூடும்.

தமனி இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 45 மி.மீ. பாதரச அழுத்தத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தூங்கும்போது இரவு முழுதும் பதிவெடுக்கட்டும். அவருக்குத் தேவை முகக்கவசம் வழியாக மூச்சைத் தள்ளிக்கொடுக்கும் பைபாப். ஒரே அழுத்தத்தில் ஊதும் சிபாப் போதாது, அது மூச்சுத் தசையின் வேலையைச் செய்யாது. மூச்சை விடும்போதைய அழுத்தம் 4 அல்லது 5 செ.மீ. நீர், இழுக்கும்போதைய அழுத்தம் 8 அல்லது 10 எனத் தொடங்கி, சில நாட்களில் 15-க்கு மேல் கொண்டுபோவது வழக்கம். அவர் மறந்தாலும் கருவி மூச்சைக் கொடுக்கும்படி நிமிடக் கணக்கை அமைத்துத்தரச் சொல்லுங்கள். முதல் வாரம் 'முடியாது' என்றுதான் சொல்வார். பகலில் விழித்திருக்கும்போது அரைமணி நேரம் மாட்டிப் பழக்கினால் இரவில் ஏற்றுக்கொள்வார். மூக்குத்தண்டில் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். புண் வந்தால் கவசத்தையே வெறுத்துவிடுவார்கள்.

கேள்வி: உதரவிதானத்துக்கு பேஸ்மேக்கர் இருக்கிறதாமே? யாருக்கு வைக்கலாம்?

பதில்: இருக்கிறது. 1960-களில் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளென் இதைக் கொண்டுவந்தார். கழுத்திலோ நெஞ்சிலோ ஃப்ரீனிக் நரம்பின் மேல் மின்முனை, தோலுக்கடியில் சமிக்ஞையை வாங்கும் கருவி, தோலின் மேல் ஆன்டெனா, வெளியே பேட்டரிப் பெட்டி என்பது அந்த முறை. இன்னொரு முறையில் லேப்ராஸ்கோப் வழியாக உதரவிதானத் தசையிலேயே, பக்கத்துக்கு இரண்டாக நான்கு மின்முனைகளைப் பதித்துக் கம்பியை வெளியே கொண்டுவருவார்கள். நடிகர் கிறிஸ்டோபர் ரீவுக்கு 2003-இல் செய்தது இதுதான்.

யாருக்கு என்பதற்கு ஒரே கேள்வி போதும்: ஃப்ரீனிக் நரம்பு உயிரோடு இருக்கிறதா? தண்டுவடம் கழுத்தின் 1, 2-ஆம் மட்டத்தில் அறுந்தவருக்கு மூளையின் கட்டளை வரவில்லையே தவிர, கீழே நரம்பும் தசையும் முழுதாக இருக்கின்றன. மின்சாரம் கொடுத்தால் சுருங்கும். ஆனால் 3, 4, 5-இலேயே நசுங்கியிருந்தால் நரம்பின் தாய்ச்செல்களே போயிருக்கும், நரம்பும் மடிந்திருக்கும், பேஸ்மேக்கர் பயன்படாது. கழுத்தில் நரம்பைத் தூண்டி உதரவிதானம் அசைகிறதா என்று பார்த்தபின்தான் முடிவு செய்ய வேண்டும்.

வைத்த அன்றே வென்டிலேட்டரைக் கழற்ற முடியாது. மெலிந்த தசை சில நிமிடங்களில் களைத்துவிடும். மணிக்குச் சில நிமிடம் எனத் தொடங்கி, குறைந்த அதிர்வெண்ணில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் பழக்குவார்கள். அப்போதுதான் களைக்காத வகை இழைகள் உருவாகும். இந்தக் கருவி தானாகக் குரல்வளையைத் திறக்காது. அதனால் தூக்கத்தில் மேல் மூச்சுப்பாதை உள்ளிழுக்கப்பட்டு அடைபடலாம். பலருக்குத் தொண்டைத் துளையை வைத்திருக்க வேண்டிவரும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. மாற்று வென்டிலேட்டரும் மாற்று பேட்டரியும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன்பும், பிசியோதெரபியில் டயாதெர்மி (மின்னலையால் சூடேற்றும் சிகிச்சை) வைக்கும் முன்பும் கருவி இருப்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஏ.எல்.எஸ். என்னும் நரம்புச் சிதைவு நோய்க்கு இதைக் கேட்டு வருபவர்களுக்கு: வேண்டாம். பிரிட்டனில் 74 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், பைபாப் மட்டும் பயன்படுத்தியவர்கள் உயிரோடு இருந்த காலத்தின் நடுமதிப்பு 22.5 மாதம். பேஸ்மேக்கரும் சேர்த்து வைத்தவர்களுக்கு அது 11 மாதம்தான்.

நரம்பே மடிந்தவர்களுக்கு நரம்பு மாற்று அறுவை இருக்கிறது. விலாஇடை நரம்பையோ, தோளுக்குப் போகும் துணை நரம்பையோ ஃப்ரீனிக் நரம்போடு இணைப்பார்கள். உதரவிதானத்துக்கு எவ்வளவு அருகில் இணைக்கிறார்களோ அவ்வளவு சீக்கிரம் இழை போய்ச் சேரும். இணைக்கும் நரம்பு மூளையின் கட்டளையே வராத மட்டத்திலிருந்து எடுக்கப்பட்டால், இழை வளர்ந்த பிறகும் அதைத் தூண்ட பேஸ்மேக்கர் வேண்டும்.

கேள்வி: பிரசவத்தில் குழந்தையின் கை இழுபட்டு அசையவில்லை. மூச்சும் வேகமாக இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. கையின் நரம்புப் பின்னலும் ஃப்ரீனிக் நரம்பும் 5-ஆம் வேரைப் பகிர்ந்துகொள்கின்றன. கழுத்து இழுபட்டால் இரண்டும் சேர்ந்தே அடிபடலாம். பெரியவர் ஒரு பக்க உதரவிதானத்தோடு சமாளிப்பார், பச்சிளங்குழந்தையால் முடியாது: நெஞ்சுக்கூடு மென்மையானது, எந்நேரமும் படுத்தே இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது வயிறு மேலே வராமல் உள்ளே போகிறதா, பால் குடிக்கும்போது களைத்து விட்டுவிடுகிறதா என்று பாருங்கள். வென்டிலேட்டரில் இருக்கும்போது எடுத்த எக்ஸ்ரே சரியாகவே தெரியலாம், காற்றழுத்தம் உதரவிதானத்தைக் கீழே தள்ளியிருக்கும். தானாக மூச்சுவிடும்போது அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லுங்கள். சில வாரங்களாகியும் வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடியாவிட்டால், பெரியவர்களைப்போல் ஓராண்டு காத்திருக்காமல் உதரவிதானத்தை மடித்துத் தைத்துவிடுவார்கள்.

கேள்வி: ஆக்சிஜனைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்தால் தண்டுவடம் அடிபட்டவருக்கு மூச்சு பலப்படும் என்று படித்தேன். வீட்டில் மூச்சை அடக்கிப் பயிற்சி செய்யலாமா?

பதில்: நீங்கள் படித்தது உண்மையான ஆராய்ச்சிதான். ஒரு பக்கம் தண்டுவடம் வெட்டப்பட்டாலும் மறுபக்கத்திலிருந்து வரும், உறங்கிக் கிடக்கும் இழைகள் ஃப்ரீனிக் செல்களை எழுப்பக்கூடும் என்று 1895-லேயே வில்லியம் போர்ட்டர் காட்டினார். அந்த உறங்கும் பாதையை வலுவாக்கவே, ஏறத்தாழ 9 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றை ஒரு நிமிடம் போலக் கொடுத்து, இடையில் சாதாரணக் காற்றைக் கொடுத்து, பதினைந்து முறை வரை திரும்பச் செய்கிறார்கள். இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, ஆக்சிஜன் அளவு மூன்றையும் பக்கத்தில் மருத்துவர் பார்த்துக்கொண்டே இருப்பார். மூச்சை அடக்குவது இதற்கு ஈடாகாது. அப்போது கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து ஏறும். கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவருக்கு இரத்த அழுத்தம் திடீரென்று எகிறும் ஆபத்தும் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் வேண்டாம். இப்போதைக்கு உள்ளிழுப்புப் பயிற்சிக் கருவியும், காற்றடுக்கும் முறையும், கைகொடுத்து இருமவைப்பதும் தினமும் தவறாமல் நடக்கட்டும்.